வேண்டாம் கேசட்

மனோகரனோடு ஒரு கல்யாணத்துக்குப் போவதைவிட வீட்டில் பழைய சோறு தின்றுவிட்டுப் படுத்துவிடலாம். பந்தியில் உட்கார்ந்தால் மனுஷனுக்குக் கண் இலையில் இருக்காது. சமையற்கட்டுக்குப் போகிற வாசல், ஸ்டோர் ரூம் கதவு, மாடிப்படி திரும்புகிற இடம், இங்கேயெல்லாம்தான் சுற்றிக்கொண்டிருக்கும். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டால் யாரையும் இல்லை என்பார். ரசம் வருவதற்குள் எழுந்து கை கழுவப் போய்விடுவார். இருபது வருஷத்துக்கு மேல் கல்யாண வீடியோ எடுத்தே பிழைத்த ஆள் அவர். கல்யாண மண்டபம் என்றால் அவருக்கு ஏன் வியர்க்கிறது என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

என் பெயர் அமீர். பூந்தமல்லியில் பஞ்சு மெத்தைக் கடை வைத்திருக்கிறேன். வயது ஐம்பது. இருபது வயதில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் வாசித்தேன். ஆவடி, அம்பத்தூர், திருநின்றவூர் என்று ரிசப்ஷன் ரிசப்ஷனாக அலைந்த காலத்தில்தான் மனோகரன் பழக்கமானார். நாங்கள் மேடையில் வாசிப்போம். அவர் கீழே நின்று எங்கள் கண்ணிலேயே லைட்டை அடிப்பார். கூசிப்போய் நான் தப்பாக வாசித்தால் அந்த இடத்தை மட்டும் கிட்டே வந்து எடுப்பார். அப்படி வளர்ந்த சிநேகம். பிறகு குழு கலைந்தது. கல்யாணம், குழந்தை, கடை என்று நான் ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். கிதார் மட்டும் கடைக்குப் பின்னால் இருக்கிற குடோனில் இருந்தது. சுற்றிலும் சுருட்டி நிறுத்திய மெத்தைகள். வெளிச்சத்தம் ஒரு துளி உள்ளே வராது. ஒலிப்பதிவுக்கென்று தனியாக அறை கட்டுகிறவர்களுக்கு மெத்தைக் கடைக்காரனின் வசதி தெரியாது.

எனக்கு வருவது ஒரே மாதிரி வாசிப்புதான். எழுபதுகளின் படங்களில் கிளப் காட்சி வரும்போதும், யாரோ ஒருவன் சூட்கேசோடு இருட்டில் இறங்கும்போதும், பின்னால் ஒரு கிதார் தனியாக நடுங்கிக்கொண்டே போகும். பாட்டு இருக்காது, பேச்சு இருக்காது. அந்த ரகத்தில் நானே மெட்டுப் போட்டு, செல்போனில் பதிந்து, என் மகள் ஹிபாவிடம் கொடுத்தேன். அவள் அதற்கென்று யூடியூபில் ஒரு சேனல் திறந்து ஏற்றினாள். கறுப்புத் திரை, பின்னால் வெறும் கிதார். கேட்டவர்கள் எல்லாம் எங்கள் சொந்தக்காரர்கள். அவர்களும் பாதியில் ஓடிவிட்டார்கள். படம் இல்லாமல் இந்தக் காலத்தில் யாரும் கேட்கமாட்டார்கள் அத்தா என்றாள் ஹிபா. படம் என்றதும் எனக்கு மனோகரன் ஞாபகம் வந்தது.

அவர் நெமிலிச்சேரியில், ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் இருந்தார். கீழே அவர் மனைவி தையல் மிஷின் போட்டிருந்தார். மாடியில் ஒரே ஒரு அறை, அதில் பழைய டிவி, இரண்டு வீசீஆர், சுவர் முழுக்க கேசட். பட்டாபிராமில் இருந்த வீடியோ கடையை 2012-லேயே மூடிவிட்டு ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். தொழில் படுத்துவிட்டதால் மூடவில்லை. கையில் நாலைந்து கல்யாணம் இருக்கும்போதே, அட்வான்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூடினார். கேட்டால், போதும் பாய் என்று அதோடு நிறுத்திக்கொள்வார்.

முதல் வீடியோவை அவுட்டர் ரிங் ரோட்டில் எடுத்தோம். நான் பைக் ஓட்ட, அவர் பின்சீட்டில் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து ரோட்டை எடுத்தார். நடுவில் நான் பாலத்தின்மேல் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கிதாரோடு நின்றேன். பார்த்த ஹிபா, எல்ஐசி ஏஜென்ட் வழி தெரியாமல் நிற்பது மாதிரி இருக்கிறது என்றாள். நாற்பத்து மூன்று பேர் பார்த்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கிதாரை விற்றுவிடுவேன் என்று மனோகரனிடம் கத்தினேன். அவர் அமைதியாக எழுந்து, அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தார். பழைய சரக்கு ஒன்று இருக்கிறது, பிடித்தால் எடுத்துக்கொள், பிடிக்காவிட்டால் பார்த்ததை மறந்துவிடு என்றார்.

பெட்டியில் பதினோரு கேசட். ஒவ்வொன்றின் லேபிளிலும் சிவப்பு ஸ்கெட்சில் ‘வேண்டாம்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு நம்பர்.

கல்யாண வீடியோவில் ஆட்களைச் சேர்ப்பதைவிட நீக்குவதுதான் பெரிய வேலையாம். எடிட்டிங்குக்கு உட்காரும்போது வீட்டுக்காரர்களில் ஒருவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். இந்த மாமா வேண்டாம், நேற்று மண்டபத்திலேயே சண்டை போட்டுவிட்டார். இந்தப் பெண் வேண்டாம், அவள் வேறு ஜாதியில் கட்டிக்கொண்டவள், யார் கூப்பிட்டார்கள் என்றே தெரியவில்லை. இந்தக் கிழவரின் சட்டையில் வெற்றிலைக் கறை. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று, எந்த வீட்டுக்காரரும் மறக்காமல் சொல்வது: தாலி கட்டுகிற இடத்திலும் ஆரத்தி எடுக்கிற இடத்திலும் பொட்டில்லாத நெற்றி எதுவும் தெரியக் கூடாது. விதவைகள் யாராவது ஓரத்தில் நின்றிருந்தாலும் அந்தத் துண்டை எடுத்துவிட வேண்டும்.

இதைக் கேட்டபோது எனக்குச் சுள்ளென்று வந்தது. ஆனால் எங்கள் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? என் நிக்காஹ் கேசட்டில் பெண்கள் பக்கம் கேமராவே போகக்கூடாது என்று என் பெரியத்தா நின்றுவிட்டார். என்னைப் பெற்றவள் அதில் எங்குமே இல்லை. அவள் போய் எட்டு வருஷமாகிறது. நானும் அந்த கேசட்டைப் போட்டுப் பார்த்து எட்டு வருஷமாகிறது.

வேண்டாதவர்களை மனோகரன் அழிக்காமல் வைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு வீட்டில் மாப்பிள்ளையின் பெரியப்பாவை ஒரு இடம் விடாமல் நீக்கச் சொன்னார்கள். நிலத்தகராறு. நீக்கிவிட்டார். ஆறு மாதத்தில் அந்தப் பெரியப்பா செத்துப்போனார். காரியம் முடிந்த கையோடு அதே வீட்டார் வந்து, அவர் நடந்து வருகிற மாதிரி ஒரு சின்னத் துண்டு இருந்தால் கொடு என்று கடை வாசலில் நின்றார்கள். கேமராவில் ஓடிய கேசட்டின்மேல் அதற்குள் வேறு ஒரு வீட்டுக் காதுகுத்தை எடுத்தாகிவிட்டது. பெரியப்பா இருந்த இடத்தில் ஒரு குழந்தை மொட்டைத் தலையோடு அழுதுகொண்டிருந்தது. அன்றிலிருந்து, யாரை வேண்டாம் என்று சொன்னாலும் அந்தத் துண்டுகளைத் தனியாக ஒரு கேசட்டில் ஏற்றி வைத்துவிட்டுத்தான் கேமரா கேசட்டை அடுத்த கல்யாணத்துக்கு எடுப்பார். இதை யாரிடமும் சொன்னதில்லை. தேடி வந்தவர்களும் அத்தனை வருஷத்தில் இரண்டு பேர்தான்.

“மத்தவங்கள்லாம் இங்கியேதான் கீறாங்க பாய்,” என்றார். “நானும் இவங்களுமாத்தான் இருந்துகினு கீறோம்.”

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் வேலை நடந்தது. ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டி வெயிலை மறைப்பார். வீசீஆரில் கேசட்டைப் போட்டு, டிவித் திரையையே செல்போனால் படமெடுப்பார். கம்ப்யூட்டரில் நேராக ஏற்றினால் படம் சுத்தமாக வரும், அது வேண்டாம், இவர்கள் கண்ணாடிக்கு உள்ளே இருக்க வேண்டும் என்பார். திரையில் கோடுகள் மேலிருந்து கீழே நகரும். அதற்கு நடுவே யாரோ ஒரு ஆள் சிரித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துக் கும்பிடுவான். ஒரு பெண் தூணுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி உடனே இழுத்துக்கொள்வாள். ஒரு வயதானவர் காலி நாற்காலிகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பார். இவர்களுடைய சத்தத்தை எல்லாம் எடுத்துவிட்டு மேலே என் கிதாரை வைத்தார். முதல் தடவை முழுசாகப் பார்த்தபோது எனக்கு முதுகில் சில்லென்றது. நான் வாசித்த மெட்டுதான், ஆனால் அவர்கள் வாசிக்கச் சொல்லி நான் வாசித்தது போல இருந்தது.

ஹிபா அதற்கு ‘நெமிலிச்சேரி மதியம்’ என்று பெயர் வைத்து ஏற்றினாள். ஒரு மாதத்தில் பதினோராயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். பயமாக இருக்கிறது, ஆனால் நிறுத்த முடியவில்லை என்று யார் யாரோ எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் மெத்தையைக் காட்டுவதற்கு முன்னால் செல்போனைக் காட்டினேன். அடுத்தடுத்து ஆறு மெட்டுக்கு வீடியோ போட்டோம்.

ஐந்தாவது வீடியோவில்தான் நான் அவளைக் கவனித்தேன். பிறகு முந்தியவற்றையும் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இருந்தாள். ஒரு கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். அரக்கு நிறத்தில் நூல் புடவை, வெறும் நெற்றி. மூன்று விநாடி, நான்கு விநாடி, அவ்வளவுதான் வருவாள். கேமராவைப் பார்க்கமாட்டாள். நமக்கு வலது பக்கத்தில் எதையோ எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அதற்குப் பிறகு குடோனில் தனியாக உட்கார்ந்து வாசிக்க எனக்குப் பிடிக்கவில்லை. சுருட்டி நிறுத்திய மெத்தைகளுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தால் மெத்தைதான். ஸ்டூலைத் திருப்பிக் கதவைப் பார்த்தாற்போல் போட்டுக்கொண்டேன். ஐம்பது வயதில், பட்டப்பகலில், சொந்தக் கடையில் எனக்கு இந்தப் பாடு.

யார் அந்தப் பெண்மணி என்று கேட்டேன். படம் நல்லாக் கீது, அதான் போடறேன் என்றார் மனோகரன். பதினோரு கேசட்டில் வேறு ஆளே இல்லையா என்று விடாமல் கேட்டேன். அவர் எழுந்து போர்வையை அவிழ்த்தார். வெயில் உள்ளே வந்து டிவித் திரை வெளுத்துப்போனது.

அதற்கு அடுத்த வாரம் ‘நெமிலிச்சேரி மதியம்’ வீடியோவின் கீழே ஒரு கமென்ட் வந்தது. ஹிபா போனைக் கொண்டுவந்து காட்டினாள். ‘இந்த வீடியோவில் 1:52-ல் கதவோரம் நிற்பவர் என் அம்மா சுலோசனா. அவர் இறந்து பதினாறு வருடங்கள் ஆகின்றன. இது எங்கே எடுத்தது, உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று தயவுசெய்து சொல்லுங்கள். கிருஷ்ணப்பிரியா, ஐயப்பன்தாங்கல்.’

நான் உடனே பைக்கை எடுத்துக்கொண்டு நெமிலிச்சேரிக்குப் போனேன். மனோகரன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். படித்துக் காட்டினேன். கையிலிருந்த ட்யூபைக் கீழே போட்டுவிட்டு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் தெருவெல்லாம் ஓடியது. முதலில் அந்த வீடியோவை எடுத்துவிடு என்றார். பதினோராயிரம் பேர் பார்த்ததை எப்படி எடுப்பது என்று நான் கேட்டேன். எனக்கு அப்போது அதுதான் பெரிதாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அவராகவே சொல்லத் தொடங்கினார்.

1998-இல் ஆவடியில் நடந்த கல்யாணம். பெண் கிருஷ்ணப்பிரியா. அப்பா இல்லை. சித்தப்பாவும் சித்தியும் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுத்தார்கள். அம்மா சுலோசனா முந்தின நாளிலிருந்து சமையற்கட்டு, ஸ்டோர் ரூம் என்றே இருந்தாள். தாலி கட்டுகிற நேரம், மனோகரன் மேடைக்குக் கீழே கேமராவோடு நிற்கிறார். முதல் முடிச்சு, இரண்டாவது முடிச்சு. ஏதோ தோன்றி ஒரு கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுத்துப் பார்த்தால், இடது பக்கம் சமையற்கட்டு வாசலில் அந்த அம்மா நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் கை தானாக அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. வீடியோக்காரன் தாலி கட்டும்போது கேமராவைத் திருப்பினால் அவனைச் செருப்பால் அடிப்பார்கள். இவருக்கு அது தெரியும். தெரிந்தும் முப்பது நாற்பது விநாடி அங்கேயே நின்றுவிட்டார். திரும்பி வந்தபோது மூன்றாவது முடிச்சு முடிந்து எல்லாரும் அட்சதை போட்டாகிவிட்டது.

மூன்று நாள் கழித்து சுலோசனா பட்டாபிராம் கடைக்குத் தனியாக வந்தாள். கேசட்டில் தான் எங்கேயாவது வந்திருக்கிறேனா என்று கேட்டாள். இவர் பெருமையாக அந்த இடத்தைப் போட்டுக் காட்டினார். டிவியில் தன்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுச் சிரித்தாளாம். இன்னொரு தடவை போடச் சொன்னாளாம். அதற்குப் பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, தான் வருகிற எல்லா இடத்தையும் விரல் வைத்துக் காட்டி நீக்கச் சொன்னாள்.

அவள் சொன்னதை மனோகரன் அப்படியே சொன்னார். “மாப்ள ஊட்ல இத்த நூறு வாட்டி போட்டுப் பாப்பாங்க தம்பி. தாலி கட்ற எடத்துல என் மூஞ்சி வந்துச்சின்னா ஒவ்வொரு வாட்டியும் எம் பொண்ணுதான் பேச்சு கேக்கணும். நாளைக்கு அந்த ஊட்ல ஒருத்தருக்குத் தலைவலின்னாகூட நான் நின்னதுதான் காரணம்பாங்க. எட்த்துடு. நான் சொன்னேன்னு எம் பொண்ணாண்ட சொல்லாத. அவ கேட்டா கேமராவுல படலன்னு சொல்லிடு.”

இவர் வாக்குக் கொடுத்தார். மூன்றாவது முடிச்சு இருந்த இடத்தில் ஒரு ரோஜாப்பூ விரிகிற மாதிரி கிராபிக்ஸ் போட்டு மூடினார். அம்மாவை வேண்டாம் கேசட்டில் ஏற்றிவைத்தார். இரண்டு வாரம் கழித்து, கழுத்தில் மஞ்சள் கயிறு மங்காத அந்தப் பெண்ணே கடைக்கு வந்தாள். எங்கம்மா ஒரு இடத்தில்கூட இல்லையே, நீங்கள் எடுக்கவே இல்லையா என்று கேட்டாள். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி அம்மாவிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம். நீ மேடைக்கு வரவேண்டாம், நான் தாலி கட்டிக்கொள்வதை எங்கேயாவது நின்று பார், அது போதும் என்று. மேடையிலிருந்து தேடித் தேடிப் பார்த்தும் அம்மா கண்ணில் படவில்லை. கேசட்டிலாவது இருப்பாள் என்று நம்பிப் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

“கேமராவுல படலம்மான்னு சொல்ட்டேன் பாய். அது ஒண்ணும் பேசல, போய்டுச்சி. அப்பாலேந்து எந்த மண்டபத்துக்குப் போனாலும் வாசல்ல அந்தம்மா நிக்கிற மாதிரியே கீது. லைட்ட அங்க அடிச்சிப் பாப்பேன். யாரும் இருக்க மாட்டாங்க. கடைசி வருஷம் தாலி கட்றத ரெண்டு வாட்டி உட்டுட்டேன். அதான் கடைய மூடினேன்.”

அப்படியென்றால் வீடியோவில் ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். கல்யாண கேசட்டில்தானே வேண்டாம் என்றாள், இது உன் பாட்டு என்றார். அவருக்கே அந்தச் சமாதானம் ஒட்டவில்லை. எங்காவது ஒரு இடத்தில் அந்த அம்மா இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் செய்திருக்கிறார்.

பழைய கடையில் வாங்கிய கேசட், யாரென்று தெரியாது என்று பதில் போட்டுவிடலாம் என்றேன். சரி என்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். எழுத வரவில்லை. என் நிக்காஹ் கேசட்டில் ஒரு மூலையில் என் அம்மாவின் துப்பட்டா நுனி இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் எத்தனை மைல் போவேன் என்று யோசித்தேன். மனோகரனைக் கேட்காமலேயே அவர் விலாசத்தை எழுதி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரச்சொன்னேன். அவருக்கு விஷயம் தெரிந்தபோது என்னைச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எல்லாம் நியாயமான வார்த்தைகள்தான்.

கிருஷ்ணப்பிரியா தனியாக ஸ்கூட்டரில் வந்தாள். ஐம்பதைத் தொடுகிற வயது, காதோரம் நரை. அவள் மகள் வர்ஷா படிக்கும்போது இந்த மாதிரி இசையை ஓடவிடுவாளாம். துவைத்த துணியை எடுத்துக்கொண்டு மகளுக்குப் பின்னால் போன இவள், லேப்டாப்பில் அம்மா நிற்பதைப் பார்த்திருக்கிறாள். மாடி ஏறி வந்தவள் மனோகரனைப் பார்த்ததுமே நின்றாள். பட்டாபிராமில் கடை வைத்திருந்தது நீங்கள்தானே என்றாள். அவர் ஆமாம் என்றார்.

பாட்டு இல்லாமல் காட்டுங்கள் என்று மட்டும் கேட்டாள். அவர் ஜன்னலை மூடி, கேசட்டைப் போட்டார். கேசட் இரண்டு தடவை வெளியே வந்துவிட்டது.

கெட்டிமேளம் அறையை நிரப்பியது. அதுவரை அந்தத் துண்டை நான் சத்தத்தோடு கேட்டதே இல்லை. என் கிதார் அத்தனையையும் மூடியிருந்தது. திரையில் மாப்பிள்ளையின் கை, குனிந்த கழுத்து, முதல் முடிச்சு. இரண்டாவது முடிச்சு. கேமரா சடாரென்று இடது பக்கம் திரும்பியது. கூட்டம், பூமாலை, பிறகு அந்தக் கதவு. சுலோசனா பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு நிலையைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நின்றாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் திரும்பி யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தாள். மூடியிருந்த இன்னொரு கையைத் தூக்கி மேடையைப் பார்த்து வீசினாள். ஒரு பிடி அட்சதை. அது மேடை வரைக்கும் போகவில்லை, வாசற்படியைத் தாண்டி நாலடி தள்ளி விழுந்தது. உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

கிருஷ்ணப்பிரியா டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்று நான் பார்க்கவில்லை. “மூணாவது முடிச்சு வர எடத்துல எங்க கேசட்ல ஒரு ரோஜாப்பூ விரியும்,” என்றாள். “வீட்ல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. இதத்தான் மறைச்சீங்களா?”

மனோகரன் தலையாட்டினார்.

“எங்க மாமியார்தான சொன்னாங்க, எங்கம்மா வேணாம்னு?”

நான் மனோகரனைப் பார்த்தேன். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். வாக்கும் கெடாது, பழியும் வேறு யார் தலையிலோ போய்விடும். நானாக இருந்தால் ஆட்டியிருப்பேன். அந்த மாமியார் உயிரோடு இருக்கிறாளா, இந்தப் பெண்தான் அவளுக்குச் சோறு போடுகிறாளா என்பதெல்லாம் எனக்குத் தோன்றியிருக்காது.

“இல்லம்மா,” என்றார். “உங்கம்மாதான் வந்து எடுத்துடச் சொன்னாங்க. கேமராவுல படலன்னு உன்னாண்ட சொல்லச் சொன்னதும் அவங்கதான்.” பிறகு எனக்குச் சொன்ன எல்லாவற்றையும் அவளுக்கும் சொன்னார். ஒரு வார்த்தையைக்கூடத் தனக்குச் சாதகமாக மாற்றவில்லை. அழித்துவிட்டேன் என்று அந்த அம்மாவிடமும் பொய் சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அவள் அழவில்லை. சத்தமும் போடவில்லை. டிவியில் கேசட் முடிந்து வெறும் புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அன்னிக்கு உங்க கடைலேர்ந்து நேரா அம்மா வீட்டுக்குத்தான் போனேன். வீடியோக்காரரே சொல்லிட்டாரு, நீ அந்தப் பக்கமே வரலன்னு கேட்டேன். பெத்த பொண்ணு கல்யாணத்தக்கூடப் பாக்காத நீ எனக்கு எதுக்குன்னு கேட்டேன்.”

அம்மா என்ன சொன்னார்கள் என்று நான்தான் கேட்டேன்.

“அடுப்புல வேலையா இருந்துட்டேன், தப்புதான், மன்னிச்சிடுன்னாங்க. அப்புறம் பதினோரு வருஷம் உசுரோட இருந்தாங்க சார்.” அவள் எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தாள். “நான் மன்னிக்கவே இல்ல.”